டேங்கின் தோளில் விழுந்த வெட்டு

தாயி,

முந்தாநாள் காலையில் உன் மாமியார் போன் செய்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை உன் புது பெட்ரோல் பங்க்கில் டேங்க் இறக்குகிறார்கள், கிரேனுக்குச் சொல்லியாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, இனி தேங்காய் வெட்ட என் கை ஒன்றுதான் பாக்கி என்றார்கள். "அண்ணாச்சி, ஒங்க கைராசி ஊரறிஞ்ச விசயம். ஒங்க அருவா பட்டா டேங்கே மணி அடிக்குமாமே. நீங்கதான் வந்து வெட்டணும், சாக்குச் சொல்லப்புடாது ஆமா." வழக்கமாக யாராவது இப்படிக் கூப்பிட்டால் போனை வைப்பதற்கு முன்பே சாணைக்கல்லைத் தேடுகிறவன் நான். அன்றைக்கு "பாப்பம் தங்கச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உன் சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, கூப்புட்ட ஒடனே கெளம்புற ஆளு இப்படி உக்காந்துட்டீக? ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்பு உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் என் பேச்சு பாதியில் வேறு பக்கம் ஓடிவிடும், நீயும் சிரித்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். அதற்குப் பிறகு நானாகக் கற்றதை ஒரு கல்லூரி வைத்தாலும் நடத்தி முடிக்க முடியாது. உன்னைப் பெற்ற என் அண்ணன் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் மாதக் கணக்கில் திரும்ப மாட்டார். உன் அம்மா கைக்குழந்தையாக இருந்த உன் தம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நீ வளர்ந்தது எங்கள் வீட்டில். கூப்பிடுவது சித்தப்பா என்றாலும், மார்க் அட்டையில் அப்பா என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உங்கள் தலைமையாசிரியர் இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று சொன்னார். சரி, அவர் சொன்னது "கொஞ்சம் புரியும்படி போடுங்க" என்பதுதான். பார்த்தாயா, இந்தக் கடிதத்தில் கைச்சரக்கு சேர்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சேர்ந்துவிட்டால் அங்கேயே திருத்திவிடுகிறேன்.

டேங்க் மணி அடித்த கதையை என் வாயால் எத்தனை கல்யாண வீடுகளில் கேட்டிருப்பாய். அப்போது நீ இரண்டாம் வகுப்பு. சாத்தூர் ரோட்டில் நம் பங்க்குக்குக் குழி வெட்டியிருந்தோம். கிரேன் டேங்கை ஆகாசத்தில் தூக்கி நிறுத்தியிருக்க, நான் ஒரே வெட்டு வெட்ட, தேங்காய் இரண்டு கிண்ணமாகப் பிளக்க, டேங்குக்குள்ளிருந்து 'கிண்' என்று கோயில் மணி போல ஒரு சத்தம். கிரேன்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஐயர் மந்திரத்தை மறந்தார், நாலு காடு தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன. இப்படித்தானே சொல்வேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்ததை நீயே ஒருமுறை பந்தியில் வைத்துச் சொல்லிக் காட்டினாய்.

நடந்தது இது. டேங்க் ஆகாசத்தில் இல்லை, குழியோரம் இரண்டு கட்டைகளின் மேல் கிடந்தது. முதல் தேங்காயை அதன் மேல் ஓங்கி அடித்தேன். டேங்க் உருண்டை அல்லவா, தேங்காய் வழுக்கி உருண்டு உடையாமல் குழிக்குள் போய் விழுந்தது. கூட்டத்தில் ஒரு பெண்குரல், "மொதத் தேங்காயே குழியில விழுந்திருச்சே, என்ன சகுனமோ" என்றது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊருக்குள் யார் புதுமனை புகுந்தாலும் லாரி வாங்கினாலும் தேங்காய் வெட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பேரோடு நிற்கிற ஆள், சொந்த பங்க்கில் தோற்பதா? இரண்டாவது தேங்காயை எடுத்து டேங்கின் தோளில், மேல்மூடிக்குப் பக்கவாட்டில் வைத்து, அருவாளால் ஒரே போடு போட்டேன். பிளந்தது. பிளந்த வேகத்தில் அருவாளின் முனை இரும்பில் போய் விழுந்து 'கிண்' என்றது. "மணி கணக்கால்ல கேட்டுச்சு" என்று யாரோ சொல்ல, "டேங்கு உத்தரவு குடுத்துருச்சு" என்று நான் சொன்னேன். எல்லோரும் கும்பிட்டார்கள். தேங்காய்ச் சில்லை முதலில் எடுத்துத் தின்றது நீதான்.

தேங்காய் மூடியை எடுத்தபோது நான் மட்டும் பார்த்தேன். கறுப்புப் பூச்சைக் கிழித்துக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குள் இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. அந்தப் பூச்சு எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. டேங்கைக் கொண்டுவந்து இறக்கிய கம்பெனிக்காரர் முந்தின நாளே, "அண்ணாச்சி, இதுல கீறல் விழாம பாத்துக்கிடுங்க, விழுந்தா சொல்லுங்க, மேல பூசிக் குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவரைக் கூப்பிட்டால் முகூர்த்தம் தவறும். அதைவிட, மணி அடித்த டேங்க் என்று கும்பிட்ட கூட்டத்துக்கு முன்னால் அந்த மணி ஒரு கீறல் என்று சொல்ல வேண்டும். கிண்ணத்திலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரு கை அள்ளி அந்தக் கோட்டின் மேல் பெரிய பொட்டாக அப்பிவிட்டேன். "பக்தியப் பாருங்க" என்று உன் சித்தி பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள்.

ஒரு தப்போடு நின்றேனா என்றால் இல்லை. குழிக்குள் டேங்கைச் சுற்றி நாலு பக்கமும் சுத்தமான மணல் மட்டும்தான் நிரப்ப வேண்டும். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, டேங்கை நெருக்காது. மூன்றாவது மணல் லோடு வழியில் எங்கோ பஞ்சராகி நின்றுவிட்டது. நல்ல நேரம் முடிய அரை மணி நேரம் இருந்தது. "வெட்டிப்போட்ட மண்ணையே தள்ளுங்கப்பா" என்றேன். வெட்டிப்போட்டது நம் கரிசல். அந்த மண்ணின் குணம் உனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும், எனக்குக் காலில் மிதித்துத் தெரியும். மழை பெய்தால் ஊதிப்போய் பக்கத்தில் இருப்பதை நெருக்கும், வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஈரத்தையும் உப்பையும் மாதக் கணக்கில் விடாமல் வைத்திருக்கும். பூச்சு கிழிந்த தோளின் மேல் நனைந்த துணியைப் போர்த்தின மாதிரி அந்தக் கரிசலைப் போட்டு மூடினேன். அதற்கு மேல் கான்கிரீட், அதற்கு மேல் வண்டிகள். பதினோரு வருஷம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் சந்தனம் அப்பியது மறந்து, மணி அடித்தது மட்டும் நினைவில் நின்றது.

பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். நம் பங்க்கின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் அழகம்மாளின் தோட்டமும் கிணறும். கத்தரியும் வெண்டையும் போட்டுச் சாத்தூர் சந்தைக்குக் கொண்டுபோகிற மனுஷி. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன் அந்தத் தோட்டத்து வாசலில் நிற்கும். பதினைந்து பெண்கள் இறங்கி, கிணற்றுத் தண்ணீர் விழுகிற தொட்டியில் கை கால் கழுவுவார்கள். கையெல்லாம் அலுமினியப் பொடி, முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி மினுங்கும். அந்த மருந்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அழகம்மாளே மோட்டாரைப் போட்டுவிடுவாள். ஒரு கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கினதும் வாடை வந்தது. அழகம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "மோந்து பாருங்க அண்ணாச்சி. ஒங்க பங்க்கு வாடை கணக்கா இருக்கு. வெண்டைச் செடி வேற கருகுது."

நான் மோந்து பார்த்தேன். முப்பது அடி தள்ளி வைத்திருந்தாலும் அது என்ன வாடை என்று எனக்குத் தெரியும், கண்ணைக் கட்டிவிட்டாலும் பெட்ரோலையும் டீசலையும் மண்ணெண்ணெயையும் பிரித்துச் சொல்கிறவன் நான். இதில் கைச்சரக்கு இல்லை. ஆனால் வாய் வேறு சொன்னது. "ஏ அழகம்மா, தெனமும் பதினஞ்சு பேரு பட்டாசு மருந்தக் கொண்டாந்து ஒன் தொட்டியில கழுவுறாக. அது கெணத்துக்குள்ள எறங்காம வேற எங்க போகும்? வாடை அடிக்காம மல்லியப்பூவா மணக்கும்?" என்றேன். அழகம்மாள் சொம்பை எடுத்து மறுபடி மோந்து பார்த்தாள். பிறகு, "நெசமாவா சொல்றீக?" என்றாள். "நான் எத்தன வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றேன். மறுநாள் சாயங்காலம் வேன் வந்து நின்றபோது அவள் வாசல் படலைத் திறக்கவில்லை. அந்தப் பெண்களில் மூத்தவள் முத்துலட்சுமி வேலிக்கு வெளியே நின்று கேட்டது என் காதில் விழுந்தது. "ஏக்கா, என்ன தப்பு பண்ணினோம்?" அழகம்மாள் உள்ளே போய்விட்டாள். வேன் கிளம்பிப் போனது. நான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு நீ காலேஜ் விடுதியிலிருந்து வந்தாய். கிணற்று வாடையைப் பற்றி உன் சித்தி சொன்னதும் நேராகக் கிணற்றுக்குப் போனாய். திரும்பி வந்து ஒரு கேள்விதான் கேட்டாய். "சித்தப்பா, பட்டாசு மருந்துக்குத் தண்ணி மேல வானவில் வருமா?" நான், முதலாம் வருஷம் படிக்கிற பிள்ளை எனக்குப் பாடம் நடத்தாதே என்றேன். நீ டிப் நோட்டை எடுத்து உட்கார்ந்தாய். தினமும் காலையில் டேங்கின் வாயில் நீளக் கம்பியை விட்டு அளவு பார்த்து எழுதுகிற நோட்டு. விற்றதைவிட அதிகமாகக் குறைந்த நாட்களை நான் வெயில் என்று எழுதித் தள்ளியிருந்தேன். நம் விருதுநகர் வெயில் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நீ ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னாய். "வெயிலா இருந்தா தெனமும்ல கொறையணும்? இது லோடு எறங்குன மறுநாள் மட்டும் கொறையுது. கொஞ்சம் கீழ எறங்குனதும் நின்னுருது. ஓட்டை மேல்பக்கத்துல இருக்கு சித்தப்பா." "டேங்கர்காரன் அளவுல ஏமாத்துறான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

எழுந்து போய் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாத பாதி. குறைவது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்தை டிப் கம்பியில் விரலால் பிடித்துக்கொண்டேன். சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் டேங்கின் வட்டத்தை அதே அளவுக்கு வரைந்து, கம்பியை அதற்குள் நிறுத்திப் பார்த்தேன். எட்டாம் வகுப்புக் கணக்கு அதற்குப் போதும். விரல் நின்ற மட்டத்தில் வட்டத்தின் மேல் கை வைத்தேன். சந்தனம் அப்பிய இடம். அதற்கப்புறமாவது ஒழுங்காக நடந்தேனா? லோடு வரும்போது டிரைவரிடம் அந்த மட்டத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குறைவது நின்றது. நானே வைத்தியம் கண்டுபிடித்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. ஆனால் ஏற்கெனவே மண்ணில் இறங்கின பெட்ரோல் என் வைத்தியத்துக்குக் கட்டுப்படவில்லை. அது கரிசல் வெடிப்பு வழியாக மெதுவாக நடந்து கிணற்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு சொம்பு பெட்ரோல் ஒரு கிணற்றைக் கெடுத்துவிடும் என்று நீ அப்போது சொன்னது எனக்கு மிகையாகத் தெரிந்தது. மிகைப்படுத்துவது இந்த வீட்டில் நான் ஒருவன்தான் என்பதை மறந்துவிட்டேன். கிணற்றடியில் அழகம்மாள் வீட்டுக்காரர் பீடி பற்றவைப்பதை ஒருநாள் வேலி வழியாகப் பார்த்துவிட்டேன். ஓடிப்போய், "இங்கன வேண்டாம்யா, அங்கிட்டுப் போய்க் குடி" என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை.

"நீங்க எண்ணெய்க் கம்பெனிக்கு எழுதலன்னா நான் எழுதுறேன்" என்று கோடை விடுமுறையில் நீ நின்றாய். எழுதினாய். கையெழுத்துக்கு மட்டும் என்னிடம் நீட்டினாய். நானாக முன்வந்து கம்பெனிக்கு எழுதிய நேர்மையைப் பற்றியும் நான் சில இடங்களில் பேசியிருக்கிறேன். அதையும் இதோடு அடித்துவிடு. கம்பெனி ஆட்கள் வந்து டேங்கை வெளியே எடுத்தார்கள். தோளில் விரல் நீளத்துக்குத் துரு, அதன் நடுவில் சீரகம் அளவுக்கு ஒரு துளை. வந்த எஞ்சினியர் குனிந்து பார்த்து, "நேர்கோடா இருக்கே, எறக்கும்போது சங்கிலி ஒரசியிருக்குமோ" என்றார். "இருக்கும் சார்" என்றேன். புது டேங்க் இறக்கிய அன்று எனக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேனே, நினைவிருக்கிறதா? நீகூடக் கஷாயம் வைத்துக் கொடுத்தாய். காய்ச்சல் இல்லை, தாயி. கஷாயம்தான் கசப்பாக இருந்தது. ஊறின மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், கிணற்றில் மேலே மிதந்ததை இறைத்து எடுத்தார்கள். வாடை முழுக்கப் போக மூன்று மழைக்காலம் பிடித்தது. பழைய டேங்க் துருப்பிடித்து ஒழுகிவிட்டது என்று ஊர் பேசியது. ஏன் துருப்பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அழகம்மாளின் தோட்டத்துக்குப் போனேன். வேன் வந்து நின்றிருந்தது. கிணறு தேறினதும் அழகம்மாளே அவர்களை மறுபடி கூப்பிட்டுவிட்டாள் என்பது தெரியும், ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த நேரத்துக்கு நான் அங்கே போனதில்லை. பார்த்தால், பெண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்திருக்கிறார்கள். தொட்டியில் மொண்டு, இருபது எட்டு தள்ளி வேலியோரம் கொண்டுபோய் அங்கே கழுவுகிறார்கள். ஏன் அங்கே என்று கேட்டேன். முத்துலட்சுமிக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. "எங்க மருந்து கெணத்தக் கெடுத்துருச்சுன்னு ஒருக்கா சொன்னாகள்ல அண்ணாச்சி. இன்னொருக்கா அந்தப் பேச்சு வேண்டாம்னுதான்" என்றாள். சொன்னது நான்தான் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

வாசல் கல்லில் உட்கார்ந்து அழகம்மாளிடமும் அந்தப் பெண்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அருவாள், கோடு, சந்தனம், சொம்பை மோந்து பார்த்தது. மாடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அழகம்மாள்தான் முதலில் பேசினாள். "அன்னைக்கு மோந்து பாத்தப்பவே ஒமக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். எனக்கு இருபது வருஷமாக 'ங்க' போட்டுப் பேசின மனுஷி. அப்புறம் முத்துலட்சுமி தன் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "வீட்டுக் கொழாயில என்னைக்குத் தண்ணி வரும்னு ஒங்களுக்குத் தெரியாதா? அந்த வருசம் எம் மகளுக்குக் கைப்பிள்ள. பேத்தி அழுதா இந்தக் கையோட எப்படித் தூக்க? எட்ட நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டே நிப்பேன். எங்க கையப் பாத்தீகளே, ஒங்க கைய ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?" நான் எழுந்து வந்தேன். படலைத் தாண்டும்போது பின்னால் ஒருத்தி கேட்டாள், "அப்ப இனி தொட்டிக்கிட்டயே கழுவலாமா முத்தக்கா?" "கழுவுங்கடி" என்றது அழகம்மாளின் குரல்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். உன் டேங்க் இரட்டைச் சுவர் என்று சொன்னாய். சட்டைக்கு மேல் சட்டை, நடுவில் இடைவெளி, உள்சட்டை கிழிந்தால் இடைவெளியில் இருக்கிற கருவி கத்தும் என்று நீ விளக்கியபோது, இதை நான் முப்பது வருஷத்துக்கு முன்பே யோசித்து வைத்திருந்தேன் என்று சொன்னேன். யோசிக்கவில்லை. ஆனால் சில விஷயங்கள் உன் வரைபடத்தில் இருக்காது, அவற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொள். மணல் லோடு முழுவதும் குழியோரம் வந்து குவிந்த பிறகு முகூர்த்தம் குறி, குறித்த பிறகு மணலுக்குக் காத்திருக்காதே. நேரம் தவறினால் இன்னொரு நல்ல நேரம் மதியத்தில் வரும், ஐயர் கண்டுபிடித்துத் தருவார். கரிசலில் ஒரு கூடைகூட உள்ளே போகக் கூடாது. உன் இடம் வெம்பக்கோட்டைப் பக்கம், அணை நிரம்பினால் அடிமண்ணில் தண்ணீர் ஏறும். காலி டேங்க் அந்தத் தண்ணீரில் படகு மாதிரி எழும்பும், ஆகவே அடியில் கான்கிரீட்டோடு பட்டை போட்டுக் கட்டியதை உன் கண்ணால் பார்த்த பிறகு மூடச் சொல். துரு முதலில் தின்பதற்கென்று டேங்கோடு ஒரு உலோகக் கட்டியைக் கம்பி கட்டிப் புதைக்கிறார்களே, அதை வருஷா வருஷம் சோதிக்கச் சொன்னால் சோதி, தள்ளிப்போடாதே. டிப் நோட்டில் வெயில் என்று எழுதாதே. பக்கத்துத் தோட்டத்திலிருந்து யாராவது ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தால், அவர்கள் கையைப் பார்ப்பதற்கு முன்னால் உன் டேங்கின் மூடியைத் திற.

உன் மாமனாரை நீ சமாளிக்க வேண்டாம். "டேங்கு மேல தேங்கா வெட்டாம எறக்குனா வெளங்குமா" என்று அவர் கேட்பார். நானே பேசுகிறேன். மணி அடிக்க வைத்த கைதான் சொல்கிறது என்றால் கேட்டுக்கொள்வார். கேட்காவிட்டால், என் அருவாளை அவரிடம் கொடுத்து அவர் அச்சகத்தில் வாங்கிப் போட்டிருக்கிற புது மெஷின் மேல் ஒரு தேங்காய் வெட்டச் சொல்வேன்.

இந்தக் கடிதத்தின் நகலை நம் பங்க்குக்காரர்கள் சங்கத்து மாத மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். நம் பழைய டேங்க் மண்ணுக்குள் இருந்த காலத்தில், மணி அடித்த கதையைக் கேட்டு என்னைத் தேங்காய் வெட்டக் கூப்பிட்ட பங்க்குகள் இன்னும் மூன்று உண்டு. விருதுநகர்ப் பக்கம் ஒன்று, சாத்தூருக்குத் தெற்கே ஒன்று, ராஜபாளையம் போகிற வழியில் ஒன்று. அங்கே தேங்காய் வழுக்கவில்லை. அவர்கள் 'கிண்' கேட்க வந்திருந்தார்கள், நான் அருவாள் முனையை வேண்டுமென்றே இறக்கிக் கொடுத்தேன். நம் டேங்கைத் தோண்டி எடுத்துத் துளையைப் பார்த்த பிறகும் அவர்களுக்குச் சொல்லாமல் இருந்தேன். நேற்று இருட்டுவதற்குள் இரண்டு பேருக்குப் போனில் சொல்லிவிட்டேன். ஒருவர் திட்டினார், ஒருவர் சிரித்துவிட்டுப் பிறகு திட்டினார். இரண்டு பேரும் டேங்கைச் சோதிக்க ஆள் கூப்பிடுகிறார்கள். மூன்றாமவர் போனை எடுக்கவில்லை, நாளைக் காலையில் பஸ் ஏறிப் போகிறேன். நம் பக்கத்தில் நான் வெட்டாத வேறு டேங்குகளிலும் யாராவது வெட்டியிருக்கலாம். சந்தனம் அப்பிய இடம் தெரிந்தவர்கள் அங்கே பார்க்கட்டும்.

வெள்ளிக்கிழமை வருவேன். அருவாளும் கொண்டுவருவேன். தேங்காயை ரோட்டோரத்து மைல்கல் பக்கம் கிடக்கிற கருங்கல்லின் மேல் வைத்து வெட்டுவேன், ஒரே வெட்டில், அதில் சந்தேகம் வேண்டாம். அப்புறம் அருவாளை உன் சித்தியிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பேன். குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் டேங்க் முழுவதும் ஒரு மின்பிரஷ்ஷைத் தடவிப் பார்ப்பார்கள், பூச்சில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் அது பொறி தட்டிக் கத்தும் என்று சொன்னாயே, அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிரஷ் மேல்மூடியைத் தாண்டித் தோளுக்கு வரும்போது நான் பேசாமல் இருப்பேன். அது அந்த இடத்தை ஒரு சத்தமும் இல்லாமல் கடந்து போகட்டும். இனிமேல் கல்யாண வீடுகளில் சொல்ல எனக்கு அந்த ஒரு கதை போதும்: என் மகள் டேங்க் இறக்கினாள், ஒரு மாடுகூடத் தலை தூக்கவில்லை.

இப்படிக்கு,
மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்ட உன் சித்தப்பா